மந்தைவெளிக்கு நாலு சுற்று

தையல்நாயகியின் கையில் இருந்தது சரியாக இரண்டு மணி நாற்பது நிமிடம். அதற்குள் மந்தைவெளியில் ஒரு வீட்டு வாசலுக்குப் போய், ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பியாக வேண்டும்.

மணி ஒன்று இருபது. ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு. கண்டியிலிருந்து சுற்றுலா வந்த பதினோரு ஆசிரியைகளும் மயிலாப்பூர்ச் சத்திரத்துக் கூடத்தில் சாப்பிட்ட களைப்பில் பாயில் சரிந்து கிடந்தார்கள். நாலு மணிக்குக் கோயில் நடை திறந்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு கபாலீசுவரரைக் கும்பிடப் போவார்கள். அங்கிருந்து நேரே எழும்பூர். பிறகு போட் மெயில், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார். நாலு நாள் மதராஸ் அதோடு சரி.

"கொஞ்சம் காத்து வாங்கிக்கொண்டு வாறன் டீச்சர்" என்றாள்.

தலைமை ஆசிரியை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "காஞ்சிபுரத்தில தலையிடி. திருவொற்றியூரில கால் நோ. இண்டைக்கு என்ன வருத்தம் வரப்போகுது? கோயில் வாசலில செருப்புக்குக் காவல் நிக்கவோ நீ இந்தியாவுக்கு வந்தனீ?"

தையல்நாயகி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். வகுப்பில் இலையின் நரம்பைப் பற்றியும் வேரின் மயிரைப் பற்றியும் நாற்பது பிள்ளைகள் கேட்கப் பேசுகிறவள்தான். கரும்பலகையை விட்டு ஒரு அடி நகர்ந்தால் குரல் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இருபத்து நாலு வயதிலும் அது மாறவில்லை.

தெப்பக்குளத்து மூலையில் மஞ்சள் வண்ணம் அடித்த பஸ் ஒன்று நின்றிருந்தது. லாரிச் சட்டத்தின் மேல் மரக்கூண்டைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு வண்டி. சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. சுருட்டிக் கட்டிய படுதாதான். பின்படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் மெஹபூப் அலி, ஆளில்லாத தெருவைப் பார்த்து "அடையார், அடையார்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"மந்தைவெளிக்குப் போகுமோ?"

"மந்தவெளி இன்னாம்மா, மைசூருக்கே போவும். ஏறு."

ஏறினாள். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. டிரைவருக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு பலகை. அதில் உட்கார்ந்து அவள் நீட்டிய காசை மெஹபூப் அலி வாங்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு டிரைவரிடம் கொடுத்தான். டிரைவர் கோதண்டபாணி அதைத் தானும் கண்ணில் ஒற்றி, முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் வைத்தார். "காலைலேர்ந்து பட்டறைல கெடந்த வண்டி. நல்ல முகமா வந்து ஏறிக்கீது" என்றார். மெஹபூப் அலி இறங்கிப் போய் முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினான். வண்டி இருமி, உதறி, உயிர் வந்ததும் ஓடி வந்து படியில் தொற்றிக்கொண்டு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலியை மாட்டினான்.

பஸ் குளத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பியது. தையல்நாயகி மடியில் இருந்த பையைத் திறந்து, பழைய தபால் அட்டை ஒன்றை எடுத்து விலாசத்தைப் படித்தாள். மந்தைவெளி மூலை, பச்சைக் கதவு வீடு. ஒவ்வொரு சித்திரைக்கும் அக்காவுக்கு ஓர் அட்டை வரும். 'நான் சுகம். அங்கும் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.' கீழே, பஞ்சாட்சரம். பத்து வருடத்துக்கு முன்னால் மதராஸ் அச்சுக்கூடமொன்றில் பிழை திருத்தும் வேலை என்று கப்பலேறியவர். ஆறு மாதத்தில் வந்து அக்கா வள்ளிநாயகியை அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போன அத்தான்.

அவர் இங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று ஊருக்கு வந்த ஒருவர் நாலாம் வருடமே சொல்லிவிட்டார். அன்றோடு அம்மாவுக்கு அவர் பெயரே ஆகாது. அக்கா மட்டும் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. மூன்று மாதம் பாயில் படுத்திருந்தபோதுதான் ஒருநாள் தையல்நாயகியைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"நீ நேரே போய் அவரிட்டைச் சொல்லு. கடிதம் எழுதாதை. கடிதத்தை ஆர் பிரிப்பினமோ! வீட்டுக்குள்ள போகாதை, தண்ணி தந்தாலும் குடியாதை. வாசலில நிண்டு சொல்லிப்போட்டு வா."

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வெள்ளி தாண்டினால் சொல்லியும் பயனில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் இந்தச் சுற்றுலாவில் பெயர் கொடுத்ததும், கூட வந்தவர்களிடம் இல்லாத தலையிடியைச் சொல்லிக் கோயில் வாசல்களில் நின்றுகொண்டதும் இதற்காகத்தான்.

"அதோ பாரு, நீ கேட்ட மூலை" என்றான் மெஹபூப் அலி.

பச்சைக் கதவு. சாத்தியிருந்தது. வாசலில் பெரிய கோலம், பாதி அழிந்திருந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றாள். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று, "நான் இறங்கவேணும்!" என்றாள்.

மெஹபூப் அலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நைனா! போணி இறங்கணும்ங்குது!"

கோதண்டபாணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எறங்கும், எறங்கும். மொத ஆளு பாதில எறங்குனா அன்னிக்குப் பூரா வண்டி ஈ ஓட்டும். போன மாசம் ஒரு அய்யரை வுட்டோம், இன்னா ஆச்சு? அச்சு முறிஞ்சிது. குந்த வையிடா."

"குந்தும்மா. ஒண்ணியும் பயப்படாத. அடையார் கடேசி வரிக்கும் குந்திக்கினு வா. திரும்பி வர சொல்ல, அந்த வாசப்படிலயே எறக்கி வுடறேன். அதுக்குத் துட்டு வாணாம்."

"எத்தினை மணியாகும்?"

"வண்டி ரொம்புனா கெளம்பிடும்."

மந்தைவெளி மூலையில் வண்டி அரைவட்டம் அடித்தது. அடையாறு தெற்கே இருக்க, வண்டி வடக்கே பார்த்து, வந்த வழியே குளத்துக்குத் திரும்பியது. ஆள் சேரும்வரை இப்படியே சுற்றிச் சுற்றி வரும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கோர்ட் கிடையாது, ஆபீஸ் கிடையாது. யார் வரப்போகிறார்கள்?

சங்கிலியைத் தானே கழற்றிவிட்டுக் குதித்திருக்கலாம். வண்டி ஆமை வேகத்தில்தான் போனது. பார்க்கப்போனால், பச்சைக் கதவு பின்னால் நழுவியபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததும் உண்மை. இப்போது சொல்ல வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம். இரும்புச் சங்கிலி ஒன்று. அதற்குள்ளே இந்தத் தயக்கம் இன்னொன்று. எது தன்னை அதிகமாகக் கட்டியிருக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

குளம் வந்தது. கோபுரம் வந்தது. மணி ஒன்று நாற்பத்தைந்து.

இரண்டாவது சுற்றில் ஓர் அம்மாள் ஏறினாள். மடிசார்ப் புடவை, கையில் மூடி போட்ட பித்தளைத் தூக்கு. "ஏண்டா மெஹபூபு, இந்தத் தடவையாவது அடையாறு போய்ச் சேருமா? போன வாரம் பொண்ணாத்துக்கு ரசம் கொண்டுபோனேன், போய்ச் சேரச்சே அது ஊசிப்போயிடுத்து."

"இன்னிக்கு போணி ஷோக்கு ஜானு மாமி. ரசம் சுட சுடப் போவும்."

ஜானு மாமி தையல்நாயகியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கொஞ்சம் நகந்துக்கோ கொழந்தே. நீதான் போணியா? எங்க போகணும்?"

"நான் மந்தைவெளியில இறங்கவேணும். இவை விடுகினமில்லை."

மாமி மூக்கில் விரலை வைத்தாள். "பேச்சு ஒரு தினுசா இருக்கே! மலையாளமா?"

"ஊர் யாழ்ப்பாணம். படிப்பிக்கிறது கண்டியில."

"சிலோனா! கப்பல்லயா வந்தே? வயத்தைப் புரட்டித்தா? எங்காத்து மாமாவுக்குப் படகைப் பார்த்தாலே புரட்டும். சரி, இங்க என்ன பார்த்தே? பீச்சு பார்த்தியா? செத்த காலேஜ் பார்த்தியா?"

செத்த காலேஜ் என்கிற மியூசியமும் உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலையும் பார்த்ததாகத் தலையாட்டினாள்.

"இங்க யாராத்துக்கு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்நிய ஊரில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க அவளுக்குத் தெரியவில்லை. "பஞ்சாட்சரம் எண்டு..."

"அச்சாபீஸ் பஞ்சாட்சரமா? எங்க தெருதாண்டி! நல்ல மனுஷன். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் உனக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்."

"அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்குமே. பாவம், மொதல் சம்சாரம் ஊர்லயே போயிட்டாளாமே? கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆகலையாம். அந்தத் துக்கத்துலதான் இங்க வந்தாராம். அப்புறந்தான் சூடாமணியோட அப்பா பார்த்துப் பொண்ணைக் குடுத்தார்."

தையல்நாயகிக்கு ஒரு கணம் எஞ்சின் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது.

"எப்ப செத்ததாம்?"

"அது ஆச்சே ஒம்பது பத்து வருஷம். ஆனா ஒண்ணு சொல்லணும், சூடாமணி தங்கம். வருஷா வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு மூத்தாளுக்குன்னு புதுப் புடவை எடுத்து, மஞ்சக் குங்குமம் வெச்சுப் படைச்சு, சுமங்கலியாக் கூப்பிட்டுத் தாம்பூலம் குடுப்பா. முந்தாநாள்கூட எனக்குக் குடுத்தா. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

பச்சைக் கதவு வந்தது. இப்போது திறந்திருந்தது. ஒரு பெண் வாசல் கொடியில் துவைத்த புடவை ஒன்றை விரித்துக்கொண்டிருந்தாள். அரக்கு நிறம், புதுச் சாயம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. படைத்த புடவையை ஒரு தடவை நனைத்துக் கட்டுவார்கள் போலும்.

தையல்நாயகி 'இறங்கவேணும்' என்று சொல்லவில்லை.

ஒவ்வோர் ஆடியாக எண்ணிப் பார்த்தாள். போன ஆடியில் அக்கா கூழ் காய்ச்சினாள். பனங்கட்டி போதாது என்று அம்மாவோடு சண்டை பிடித்தாள். அதற்கு முந்தின ஆடியில் தையல்நாயகி பரீட்சைக்குப் படிக்கும்போது விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே படுத்து, சேர்ந்து பாடம் கேட்டாள். பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கும் என்று கேட்டுச் சிரித்தாள். அந்தந்த வெள்ளிக்கிழமைகளில், கடலுக்கு இந்தப் பக்கம், அவளுக்குப் புடவை வைத்துச் சூடம் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் தான் கொண்டுவந்த வாக்கியத்தை இங்கே எங்கே வைப்பது? சொன்னால் அவருக்கு மட்டுமா விழும்? அந்தப் புடவையை விரிக்கிறவளுக்கும் விழும். சொல்லாமல் போனால் அக்கா ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே முடிந்துபோனவளாக இருந்துவிடுவாள். அவள் காத்திருந்த அத்தனை நாளும் கணக்கில் இல்லாமல் போகும்.

மூன்றாவது சுற்றில் லஸ் மூலையில் நாலு பேர் ஏறினார்கள். ஒருவன் கையில் சேவல். சேவல் மாமியின் தூக்கை எட்டிப் பார்த்தது. "டேய், அதைத் தள்ளி வைடா, ரசத்துல விழுந்து தொலையப் போறது!" "வுயுந்தா மாமிக்கு சாறு, எங்களுக்குக் கறி" என்றான் சேவல்காரன். வண்டி முழுதும் சிரித்தது. தையல்நாயகிக்கு வியர்த்துக் கொட்டியது. மறுபடி குளம், மறுபடி கோபுரம். முதல் தடவை பார்த்தபோது அத்தனை அழகாக இருந்த கோபுரம், இப்போது சிறைச்சாலைக் காவற்காரன்போல் அதே இடத்தில் நின்றுகொண்டு இவளை எண்ணியது. மணி இரண்டு ஐம்பது.

"கண்டக்டர், நான் நாலு மணிக்குச் சத்திரத்தில நிக்கவேணும். ரெயில்..."

"தோ, இன்னும் ரெண்டு டிக்கெட்டு. ரெண்டே ரெண்டு. அப்பால பாரு, ரெயிலு நம்ம பின்னால ஓடியாரும்."

நாலாவது சுற்றில் அந்த இரண்டு டிக்கெட்டும் கிடைத்தது. பச்சைக் கதவைப் பூட்டிவிட்டு, சாலையோரத்தில் நின்று கையைக் காட்டினார்கள். கதர் ஜிப்பா, நரை விழுந்த கிராப்பு. பக்கத்தில் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக அந்தப் பெண். கையில் வளையல் அடுக்கிய தட்டு.

"வாங்கய்யா, வாங்கம்மா. உங்களுக்குத்தான் வெய்ட்டிங்." சங்கிலி கழன்றது. ஏறினார்கள். சங்கிலி மாட்டிக்கொண்டது. கோதண்டபாணி எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டு, "போலாம் ரைட்!" என்று தெற்கே திருப்பினார். இரண்டு மணி நேரமாக ஊர்ந்த வண்டி இப்போது பேய் பிடித்ததுபோல் பறந்தது.

பெண்கள் பலகையில் மூன்றாவது ஆளாகச் சூடாமணி உட்கார்ந்தாள். எதிர்ப் பலகையில், சேவல்காரனுக்குப் பக்கத்தில், பஞ்சாட்சரம்.

"சூடாமணி, அமோகமா வந்தே. ஒங்காத்துக்குன்னு வந்தவளை இவன் பிடிச்சு வெச்சுண்டு ஊரைச் சுத்திக் காட்டறான். சிலோன் பொண்ணு. ஒங்காத்துக்காரருக்குச் சொந்தமாம்."

பஞ்சாட்சரம் நிமிர்ந்தார். தையல்நாயகியின் முகத்தில் வேறு யாரையோ தேடி, கண்டுபிடித்து, வெளிறிப்போனார். அக்காவின் முகவாய் அப்படியே அவளுக்கு என்று ஊரில் சொல்வார்கள்.

"நீ... தையலோ?" குரல் எங்கோ பழைய கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எப்ப வந்தனீ? ஊரிலை எல்லாரும்..." அங்கேயே நின்றுவிட்டது. கண்ணால் கெஞ்சினார். தலை 'வேண்டாம், வேண்டாம்' என்று மெல்ல அசைந்தது.

சூடாமணி கணவரை வியப்போடு பார்த்தாள். ஒன்பது வருடத்தில் அந்தப் பேச்சை அவள் கேட்டதில்லை போலிருந்தது. பிறகு தையல்நாயகியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க அவர் வீட்டுச் சொந்தமா? ஒருத்தருமே வந்ததில்லியேம்மா. அடையாறுல இவர் சிநேகிதர் பொண்ணுக்கு வளைகாப்பு, அதான் கெளம்பினோம். நீங்களும் வாங்க. முடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம்."

"நான் வீட்டுக்குள்ள வரேலாது" என்றாள் தையல்நாயகி.

"ஏன்? கோவமா? இவர் கடுதாசியே போடறதில்லன்னு கோவமா?"

"சூடா, சும்மா இரு. பஸ்ஸுல..." என்றார் பஞ்சாட்சரம்.

"இருங்க, நான் கேக்கணும். அப்புறம் யாரைக் கேக்கப் போறேன்?" சூடாமணியின் விரல்கள் தன் தாலிக் கயிற்றைத் தடவின. தாலிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொன் பொட்டு. "இது மூத்த அக்காவுக்காகப் போட்டுக்கிட்டது. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி இருப்பாங்க? ஒரு படங்கூட இல்ல. நானா ஒரு முகத்தை நெனச்சுக்கிட்டுத்தான் கும்பிடறேன்."

"வடிவா இருப்பா. என்னைவிடக் கறுப்பு. சிரிச்சா நிப்பாட்டமாட்டா."

சூடாமணியின் கண் கலங்கியது. ஜானு மாமி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். கடலிலிருந்து வந்த காற்று படுதாக்களைப் படபடவென்று அடித்தது. பஞ்சாட்சரம் எழுந்து, "கண்டக்டர், நிறுத்துப்பா, நாங்க இறங்கிக்கறோம்" என்றார்.

"பாலத்து மேலயா? ஆத்துலயா எறங்குவே? குந்து சார்."

சங்கிலியைப் பிடித்தபடி அவர் நின்றார். தையல்நாயகி அதைப் பார்த்தாள். அந்தச் சங்கிலியை இவ்வளவு நேரம் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் சூடாமணி. "அவங்க என்னிக்குப் போனாங்கன்னு திதி தெரியாது. கேட்டா இவர் எழுந்து போயிடுவாரு. மனசு தாங்கலன்னு நானும் விட்டுடுவேன். அதான் நானாப் பார்த்து ஆடி வெள்ளின்னு வெச்சுக்கிட்டேன். நாள் தப்பினா அவங்களுக்குப் போய்ச் சேராதுங்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்னிக்கும்மா?"

வாசலில் நின்று சொல்வதற்கென்று நாலு நாளாக அவள் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் இதற்குப் பொருந்தாது. இது வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்பது போன்ற கேள்வி. இதற்கு விடை ஓர் எண். அந்த எண் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் விடியும்போது ஒன்று கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்; வெள்ளிக்கிழமை அது முப்பத்தொன்றாகித் தீட்டுக் கழியும்.

"தையல்!" என்றார் பஞ்சாட்சரம்.

குரல் தொண்டையில் உட்காரவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே, பின்படியில் நின்ற மெஹபூப் அலிக்கும் கேட்கும்படி தெளிவாக வந்தது.

"அக்கா செத்து இண்டைக்கு இருபத்தாறு நாள்."